வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

சனி, ஞாயிறு சேர்ந்தாற்போல் விடுமுறை வந்துவிட்டால் போதும். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் கார்களும் பஸ்களும் எறும்புச் சாரை போல் ஊர்கின்றன. போகிறவர்களைக் குறை சொல்வதற்கில்லை. மஞ்சள் வர்ணம் பூசிய மாளிகைகள், மதிலேறிப் படர்ந்த காகிதப் பூக்கள், வீதி முனைகளில் பிரெஞ்சுப் பெயர்ப் பலகைகள், கடலைப் பார்த்த சாலையில் எட்டுத் தூண்களுக்கு நடுவே காந்தி மகானின் சிலை - குழந்தைகளுக்கும் குதூகலம், பெரியவர்களுக்கும் கண் குளிர்ச்சி.

கடற்கரையில் காற்று வாங்கிவிட்டு, ஜவுளி வாங்கவும் பாத்திரம் வாங்கவும் மேற்கே கடைத்தெருப் பக்கம் நடப்பவர்கள் நடுவழியில் ஒரு வாய்க்காலைத் தாண்டுகிறார்கள். பெரிய வாய்க்கால் என்று அதற்குப் பெயர். அதை யாரும் போட்டோ பிடிப்பதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு விரைவாகத் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் இந்த ஊரின் சரித்திரத்தைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் மாளிகைகளைப் பார்ப்பதைக் காட்டிலும் அந்த வாய்க்காலைத்தான் சற்று நின்று பார்க்கவேண்டும்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலோரமாக இருந்த பகுதிக்கு ‘வெள்ளைப் பட்டணம்’ என்று பெயர். மேற்கே இருந்தது ‘கறுப்புப் பட்டணம்’. கவர்னர் மாளிகை, பெரிய உத்தியோகஸ்தர்களின் தோட்ட வீடுகள் எல்லாம் அந்தப் பக்கம். திண்ணை வைத்த தமிழர் வீடுகளும் அங்காடியும் இந்தப் பக்கம். சமையற்காரர், பணிப்பெண், குதிரைக்காரர் எல்லோரும் காலையில் வாய்க்காலைத் தாண்டிப் போய் மாலையில் திரும்பி வந்தார்கள். தாண்டுவதில் தடையில்லை, தங்குவதில்தான் விஷயம் இருந்தது.

அமெரிக்காவிலும் இப்படி உண்டு. அங்கே பல ஊர்களில் வாய்க்காலுக்குப் பதில் ரயில் தண்டவாளம். தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் வெள்ளையர், மறு பக்கம் நீக்ரோக்கள் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட கறுப்பின மக்கள். ‘நீ எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவன்?’ என்ற ஒரே கேள்வியில் ஒருவனுடைய பள்ளிக்கூடம், வேலை, கல்யாணம், கல்லறை எல்லாம் நிர்ணயமாகிவிடும்.

வெள்ளைக்காரன் கோடு போட்டான் என்று சொல்லி நாம் பெருமூச்சு விட்டுவிடலாம். ஆனால் வாய்க்காலுக்கு மேற்கே இன்னும் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். வெள்ளாளர் வீதி, செட்டித் தெரு, கோமுட்டித் தெரு என்று தெருக்களின் பெயர்களே கதை சொல்லும். ஒவ்வொரு ஜாதிக்கும் ஒரு தெரு. பழைய கோட்டைச் சுவர் இருந்த இடத்தில் ஊரைச் சுற்றி வருகிற புல்வார் சாலைக்கு வெளியேதான் சேரிகள். ஒரு கோட்டை வெள்ளைக்காரர் போட்டார்; மீதிக் கோடுகளை யாரும் சொல்லாமலே நாம் போட்டு வைத்திருந்தோம்.

கோயிலுக்குள் ஒரு சுவர்

ஆனந்தரங்கம் பிள்ளையைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் இருக்க மாட்டார்கள். கவர்னர் துய்ப்ளேக்ஸுக்குத் துபாஷியாக இருந்தவர். 1736-ஆம் வருஷத்திலிருந்து 1761-ல் காலமாகும் வரையில் நாட்குறிப்பு எழுதி வைத்தவர். அரிசி விலையிலிருந்து அரசியல் சூழ்ச்சி வரை அதில் இல்லாத சமாசாரம் இல்லை. 1745-ஆம் வருஷம் அக்டோபர் மாதக் குறிப்பு ஒன்று நம்முடைய விஷயத்துக்கு மிகவும் பொருத்தமானது.

அப்போது புதுச்சேரியிலிருந்த மாதா கோயிலின் உள்ளே ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். சுவருக்கு ஒரு பக்கம் உயர்ந்த ஜாதிக் கிறிஸ்தவர்கள். மறு பக்கம் தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள். இருவருக்கும் சாமி ஒருவர், ஜபம் ஒன்று, பாதிரியார் ஒருவர். சுவர் மாத்திரம் நடுவே. ஒரு நாள் தாழ்த்தப்பட்டவர்கள் ஒன்றுகூடிப் பாதிரியாரிடம் போய், ‘எங்களையும் உங்கள் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்ட பிறகு இந்த வித்தியாசம் எதற்கு?’ என்ற பொருள்பட முறையிட்டார்கள். நியாயமான கேள்வி. பாதிரியார் சுவரை இடிக்கச் சொல்லிவிட்டார்.

உடனே ஊரில் அமளி! ஜாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்து எழுந்தார்கள். அதே சமயத்தில் பெரிய துபாஷி குடும்பத்துப் பெண்மணி ஒருவர் நகைகளும் மெல்லிய சேலையுமாகக் கோயிலுக்கு வந்ததைப் பாதிரியார் கடுமையாகக் கண்டித்துவிட, இரண்டு கோபங்களும் சேர்ந்து பெரும் சச்சரவாயின. தாழ்ந்தவர் என்று நினைத்தவர் அருகில் வந்து உட்கார்ந்ததும், தம் வீட்டுப் பெண்ணின் அலங்காரத்தைப் பிறர் கண்டித்ததும் அவர்களுக்கு ஒரே அளவான அவமானமாகத் தோன்றின. ஜாதியின் மானமும் வீட்டுப் பெண்ணின் புடவைத் தலைப்பும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சுவர் என்பது செங்கல்லால் மட்டும் ஆனதல்ல. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் மாதா கோயிலில் இரண்டு ஜாதியார் தனித் தனியாக உட்காருவதற்கென்றே கட்டடத்தை இரண்டு கால் வைத்த கால்சட்டை மாதிரிக் கட்டினார்கள். 1910-ல் அந்தப் பிரிவினைச் சுவர் அகற்றப்பட்டது. அதைத் திரும்பக் கட்டவேண்டும் என்று வழக்குப் போட்டுச் சென்னை உயர்நீதி மன்றம் வரை போனவர்கள் உண்டு. நீதிமன்றம் அவர்களுக்கு இணங்கவில்லை. பிறகு சுதந்தரம் வந்து நாற்பது வருஷம் கழித்து, 1989-ல், மதுரை ஜில்லா உத்தப்புரத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் குடியிருப்புக்கும் மற்றவர் குடியிருப்புக்கும் நடுவே புதிதாக ஒரு நெடுஞ்சுவர் எழும்பிற்று. 2008-ஆம் வருஷம் மே மாதத்தில்தான் அதன் ஒரு பகுதியை அரசாங்கம் இடித்து வழி திறந்தது.

1745-ல் இடித்த சுவர் 1989-ல் எப்படி முளைத்தது? விதை மண்ணுக்குள் இருந்தது, அதனால் முளைத்தது.

பாரிஸ் வரை போன காலணி

புதுச்சேரிக்கே உரிய இன்னொரு கதை உண்டு. அதன் கதாநாயகர் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் வக்கீல்.

1873-ஆம் வருஷம். பொன்னுத்தம்பிப் பிள்ளை காலில் ஐரோப்பியர் அணிவது போன்ற பூட்ஸ் அணிந்து நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். நாட்டார் எவரும் அப்படி வரக்கூடாது என்று நீதிபதி ஆட்சேபித்தார். வெள்ளைக்கார வக்கீல் காலில் இருந்தால் பூட்ஸ். தமிழ் வக்கீல் காலில் ஏறினால் அபசாரம்! பிள்ளை விட்டுக்கொடுக்கவில்லை. விவகாரம் கப்பலேறிப் பாரிஸ் நகரத்து உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது.

ஒரு ஜோடி காலணிக்காகவா இத்தனை பாடு என்று கேட்கலாம். நம் கிராமங்களில் சில தெருக்களுக்குள் வரும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போக நேர்ந்தவர்களைக் கேட்டால் விடை சொல்வார்கள். பாகுபாடு என்பதற்குப் பெரிய பெரிய விளக்கங்கள் தேவையில்லை. ‘இதுவரைக்கும் நீ வரலாம், இதற்குமேல் வரக்கூடாது. வந்தாலும் இப்படித்தான் வரவேண்டும்’ - அவ்வளவுதான் அதன் பொருள். சொல்பவருக்கு வெறுப்பு இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. மிகவும் அன்பாகவே சொல்லலாம். பழைய சோறும் பண்டிகைத் துணியும் கொடுத்துக்கொண்டே சொல்லலாம்.

காலணி வழக்கோடு பிள்ளை ஓய்ந்துவிடவில்லை. 1881-ஆம் வருஷம் செப்டம்பர் 21-ந் தேதி பிரெஞ்சு அரசாங்கம் ஒரு சட்டம் செய்தது. விருப்பமுள்ள இந்தியர் தங்கள் மத, ஜாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு உட்படலாம்; அப்படிச் செய்கிறவர்கள் ஒரு குடும்பப் பெயரை வைத்துக்கொள்ள வேண்டும். ‘ரெனோன்சான்’ என்று அவர்களுக்குப் பெயர். துறந்தவர்கள் என்று அர்த்தம். முதலில் முன்வந்தவர்களில் ஒருவர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. அவர் தேர்ந்துகொண்ட குடும்பப் பெயர் ‘லப்போர்த்’. அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு ‘கதவு’ என்று பொருள். பின்னால் வருகிறவர்களுக்குக் கதவு திறந்துவிட்டதாக அவருக்கு எண்ணம்.

சகோதரிகள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் இருக்கிறது. பிரெஞ்சு சிவில் சட்டத்தின்படி மகனுக்கும் மகளுக்கும் சொத்தில் சமபங்கு. ஒருவனுக்கு ஒருத்திதான் மனைவி. ஆகவே துறந்தவர் வீட்டுப் பெண் குழந்தைக்கு 1881-லேயே சமபங்கு கிடைத்தது. இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது 1956-ல். பூர்விகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனோடு சம உரிமை தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதும் 2005-லும் வந்து சேர்ந்தது.

கதவு திறந்தது உண்மை. அப்புறம் என்ன நடந்தது என்பதையும் பார்க்கவேண்டும். வோட்டுப் போடுவதற்கு 1884-ல் மூன்று ஜாபிதாக்கள் தயாரித்தார்கள்: ஐரோப்பியருக்கு ஒன்று, துறந்தவர்களுக்கு ஒன்று, மற்ற இந்தியருக்கு ஒன்று! சுதந்தரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று அரசாங்கக் கட்டடங்களில் பொறித்த பிரெஞ்சுக் குடியரசுதான் இதைச் செய்தது. ‘நீயும் பிரெஞ்சுக்காரன்தான், ஆனால் வேறு வரிசையில் நில்’ என்று சொல்லிவிட்டது. ஒரே ஜாபிதா என்ற நிலை இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகுதான் வந்தது.

இந்தப் பக்கமும் நிலைமை அதிகம் வேறில்லை. துறப்பதே குலத்துரோகம் என்று சண்முக வேலாயுத முதலியாரின் தலைமையில் ஒரு பலமான கட்சி எதிர்த்து நின்று, பல வருஷ காலம் ஊர் அரசியலையே கையில் வைத்திருந்தது. துறந்தவர்களிலும் பலருடைய வீடுகளில், பெண் கொடுக்கல் வாங்கல் என்று வந்தபோது, சட்டப்படி கைவிட்ட ஜாதி கல்யாணப் பந்தலில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டது. சட்டத்தை ஒரு கையெழுத்தில் துறக்கலாம். வழக்கத்தைத் துறக்கக் கையெழுத்துப் போதாது.

ஒரு பூணூல்

1908 முதல் 1918 வரை மகாகவி பாரதியார் இதே புதுச்சேரியில் வாழ்ந்தார். 1913-ஆம் வருஷத்தில் அவர் செய்த காரியம் அக்கிரகாரத்தையும் சேரியையும் ஒருங்கே திகைக்க வைத்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த கனகலிங்கம் என்ற இளைஞருக்கு முறைப்படி உபநயனம் செய்து பூணூல் அணிவித்தார். காயத்திரி மந்திரமும் உபதேசித்தார். கனகலிங்கம் பிற்காலத்தில் தம் குருநாதரைப் பற்றிப் புத்தகமே எழுதினார்.

தாழ்ந்தவருக்குப் பூணூல் போட்டு உயர்த்துவானேன், எல்லாருடைய பூணூலையும் கழற்றிவிடலாமே என்று பின்னால் வந்தவர்கள் கேட்டதுண்டு. அது தக்க கேள்விதான். ஆனால் பாரதியார் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. ஊர் கூடித் தீர்மானம் செய்யட்டும் என்றும் இருக்கவில்லை. தம் வீட்டு எல்லைக்குள் தம்மால் செய்யக்கூடியதைத் தாமே செய்தார்.

1934-ஆம் வருஷம் பிப்ரவரி 17-ந் தேதி காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புச் சுற்றுப்பயணத்தில் புதுச்சேரிக்கு வந்தார். பிரெஞ்சுக் கொடி பறந்த ஊரானாலும் நோய் அதே நோய் என்று அவருக்குத் தெரியும். 1954-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்டு 16-ந் தேதி சட்டபூர்வமாகவும் இணைப்பு முடிந்தது. வெள்ளைப் பட்டணத்தின் எஜமானர்கள் கப்பலேறிவிட்டார்கள். அரசியல் சாசனத்தின் 17-ஆவது விதி தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று 1950-லேயே பிரகடனம் செய்தாயிற்று. கோடு அழிந்திருக்க வேண்டுமல்லவா?

மாண்ட்கொமரியில் நடந்தது

இங்கே கொஞ்சம் அமெரிக்காவுக்குப் போய் வரலாம். அங்கே நடந்ததைப் பார்த்தால் நம் வீட்டு விஷயம் தெளிவாக விளங்கும்.

1955-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி, அலபாமா ராஜ்யத்தின் மாண்ட்கொமரி நகரில், திருமதி ரோஸா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி பஸ்ஸில் தம் இடத்தை ஒரு வெள்ளையருக்கு விட்டுக்கொடுக்க மறுத்தார். கைது செய்யப்பட்டார். அதன் மேல் கறுப்பின மக்கள் பஸ்ஸிலேயே ஏறுவதில்லை என்று தீர்மானித்து 381 நாள் நடந்தார்கள். தலைமை வகித்தவர் டாக்டர் மார்ட்டின் லூதர் கிங். நடந்தவர்களில் பெரும் பகுதியினர் பெண்கள். வெள்ளையர் வீடுகளில் சமைத்தும், துவைத்தும், குழந்தை வளர்த்தும் பிழைத்தவர்கள்.

இதில் ஒரு வேடிக்கை. பணிப்பெண் நடந்து வந்து களைத்துப் போனாலோ, வராமலே இருந்துவிட்டாலோ, தங்கள் வீட்டுக் காரியம் நின்றுவிடும் என்று கண்ட வெள்ளைக்கார எஜமானிகள் பலர், தாங்களே காரை ஓட்டிக்கொண்டு போய்ப் பணிப்பெண்ணை அழைத்து வந்தார்கள்! இந்த அம்மாள்களால்தான் பகிஷ்காரம் நீடிக்கிறது என்று நகரத்து மேயர் பகிரங்கமாகவே புலம்பினார். சமையலறையின் சக்தி அப்படிப்பட்டது.

சற்று யோசித்துப் பாருங்கள். அந்த நாட்டில் கறுப்பினப் பெண் வெள்ளையர் வீட்டுச் சமையலறைக்குள் போகலாம், ரொட்டி பிசையலாம், குழந்தைக்குச் சோறூட்டலாம். அந்தச் சாப்பாட்டு மேஜையில் உட்காரத்தான் கூடாது. பஸ்ஸில் முன்வரிசையும் கூடாது. நம் நாட்டிலோ தலைகீழ். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் பாதகமில்லை. சமையலறைக்குள் கால் வைக்கக்கூடாது. அங்கே சமைத்த கையில் தோஷமில்லை. உட்கார்ந்த இடத்தில்தான் தோஷம். இங்கே தொட்ட பாத்திரத்தில் தோஷம். தோஷம் என்பது உண்மையாகவே ஒரு மனிதரிடம் இருக்குமானால் அது அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டியதும் இடம் மாறுமா? மாறுகிறது என்றால், தோஷம் தொடப்பட்டவரிடம் இல்லை. கோடு கிழித்தவருடைய சௌகரியத்தில் இருக்கிறது.

1964-ல் அமெரிக்காவில் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. தனி பஸ், தனிப் பள்ளி, தனித் தண்ணீர்க் குழாய் எல்லாம் சட்டத்திலிருந்து போயின. ஆனால் அதற்கு முன்பே 1930-களில் நகரப் படங்களில் கறுப்பினத்தார் பேட்டைகளைச் சிவப்பு வர்ணத்தால் குறித்து, அங்கே வீடு கட்டக் கடன் கொடுப்பது ஆபத்து என்று வைத்திருந்தார்கள். கடன் இல்லாததால் வீடு இல்லை; வீடு இல்லாததால் பிள்ளைகளுக்குச் சொத்து இல்லை. அங்கே பள்ளிக்கூடத்துக்குக் கணிசமான பணம் வட்டாரத்து வீட்டு வரியிலிருந்து வருவதால், பேட்டை ஏழையானால் பள்ளியும் ஏழை. சிவப்பு மை உலர்ந்து பல வருஷமாகியும் பேரப் பிள்ளைகள் அந்தக் கோட்டுக்குள்ளேயே நிற்க நேர்கிறது. பாகுபாடு நீடிப்பதற்கு ஒவ்வொரு தலைமுறையிலும் புதுப்புது வில்லன்கள் வேண்டியதில்லை. பழைய கணக்கை யாரும் திருத்தாமல் விட்டால் போதும்.

டாக்டர் கிங்கும் அவருடைய மனைவி கொரெட்டாவும் 1959-ல் இந்தியாவுக்கு வந்தார்கள். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடம். தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட வகுப்புக் குழந்தைகள் படித்தது. தலைமையாசிரியர் அவரைக் குழந்தைகளுக்கு அறிமுகம் செய்தபோது, நம்மைப் போலவே தீண்டப்படாத ஒருவர் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறார் என்று சொன்னாராம். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு தம் ஜனங்களின் நிலைமையை நினைத்துப் பார்த்து, ஆமாம், நானும் ஒரு தீண்டப்படாதவன்தான் என்று மனத்துக்குள் ஒப்புக்கொண்டதாகப் பின்னாளில் ஒரு பிரசங்கத்தில் கூறினார்.

கப்பலிலும் விமானத்திலும்

கோட்டின் மறு பக்கத்தில் நிற்பது எப்படியிருக்கும் என்பது நம்மவர்களுக்கும் தெரியாததல்ல. 1854-ஆம் வருஷம் டிசம்பர் 24-ந் தேதி, ஓரேலி என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியரை ஏற்றிக்கொண்டு கரீபியக் கடலிலுள்ள குவாதலூப் தீவை அடைந்தது. பிறகு புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து தமிழர்கள் கரும்புத் தோட்ட வேலைக்கு அங்கே போய்க்கொண்டே இருந்தார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக்கூட வோட்டுரிமை மறுக்கப்பட்டது. ஆன்ரி சிதம்பரம் என்னும் தமிழ் வமிசத்தவர் 1904-ல் வழக்காடத் தொடங்கினார். ‘இந்த மண்ணில் பிறந்த நாங்கள் பிரஜைகள் இல்லையா?’ என்பதே அவருடைய வாதம். 1923-ல்தான் வெற்றி கிடைத்தது. பத்தொன்பது வருஷம்!

கப்பலில் போனவர்கள் கதை அப்படி. விமானத்தில் போனவர்கள் கதை வேறு விதம். கம்ப்யூட்டர் படித்து அமெரிக்காவுக்குப் போன நம் நாட்டுப் பிள்ளைகள் மாவடு, அப்பளத்தோடு ஜாதியையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்பது அங்கே நீதிமன்றம் வரை வந்துவிட்டது. 2023-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ஸியாட்டில் நகர சபை ஜாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடை செய்தது; அமெரிக்காவில் ஒரு நகரம் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. கலிபோர்னியா சட்டசபையும் இத்தகைய மசோதாவை நிறைவேற்றியது. இருக்கிற சட்டமே போதும் என்று அதே வருஷம் அக்டோபரில் கவர்னர் அதற்குச் சம்மதம் தர மறுத்துவிட்டார். நிறத்தினால் தங்களை யாரும் தாழ்த்தக்கூடாது என்று அங்கே நியாயம் கேட்கிறவர்கள், பிறப்பினால் இன்னொருவரைத் தாழ்த்தலாமா?

கடைசி எல்லை

2011, 2012-ஆம் வருஷங்களில் இந்தியா முழுவதும் 42,000-க்கு மேற்பட்ட வீடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். உங்கள் வீட்டில் தீண்டாமை பார்ப்பதுண்டா என்று கேட்டார்கள். இல்லை என்று சொன்னவர்களிடம் இன்னொரு கேள்வி: தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ, பாத்திரங்களை உபயோகித்தாலோ ஆட்சேபமில்லையா? இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் பார்த்ததில், ஏறக்குறைய 27 சதவிகித வீடுகள் தீண்டாமையை ஒப்புக்கொண்டன. ஒப்புக்கொண்டவர்கள் மாத்திரம் இத்தனை!

ஆய்வு செய்தவர்கள் கேட்ட இடத்தைக் கவனித்தீர்களா? கோயிலை அல்ல, கச்சேரியை அல்ல, சமையலறையைக் கேட்டார்கள். கோடு வீதியிலிருந்து துரத்தப்பட்டால் திண்ணைக்கு வருகிறது. திண்ணையிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து சமையலறைக்கு. அங்கே போலீசும் வராது, சட்டமும் வராது. அந்தக் கோட்டை அழிக்கவோ காக்கவோ வல்லவர் வீட்டுக்காரிதான்.

2018-ல் திருப்பூர் ஜில்லாவில் ஓர் அரசாங்கப் பள்ளியில் மத்தியான உணவு சமைக்க வந்த பெண்மணி தாழ்த்தப்பட்ட வகுப்பினர் என்பதற்காக, அவர் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக்கூடாது என்று சில பெற்றோர் தகராறு செய்தார்கள். அவரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். எதிர்ப்பு எழுந்ததும் மாற்றலை ரத்துச் செய்தார்கள். பசியோடு தட்டேந்திய குழந்தைகள் எந்த ஜாதியும் கேட்கவில்லை. கேட்டவர்கள் பெரியவர்கள்.

நகரத்தில் இதெல்லாம் ஏது என்கிறீர்களா? வேலைக்காரிக்குக் காப்பி கொடுக்கிற தம்ளர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அலமாரியில் மற்றத் தம்ளர்களோடு இருக்கிறதா, கொல்லைப்புற ஜன்னலில் கவிழ்த்து வைத்திருக்கிறதா? வீட்டில் ஒரு போர்ஷன் வாடகைக்கு விடும்போது, ‘நீங்கள் சைவமா?’ என்று நாம் கேட்பது உண்மையில் கத்தரிக்காயைப் பற்றிய கேள்விதானா? அடுக்கு மாடிக் கட்டடத்தில் பணிப்பெண்ணுக்குத் தனி லிப்ட் வைத்திருக்கிறோமே, அது வாய்க்காலின் பேரப் பிள்ளை அல்லவா?

இந்தக் கேள்விகளை ஆண்களிடம் கேட்பதைவிடப் பெண்களிடம் கேட்பதில் ஒரு காரணம் உண்டு. மாதத்தில் மூன்று நாள் தனித் தட்டு, தனிப் பாய், தனி மூலை என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தவர்கள் நம் தாய்மார்களும் பாட்டிமார்களும். ‘தொடாதே, தள்ளி நில்’ என்ற சொல் பெற்ற தாயின் வாயிலிருந்து வந்தாலும் எப்படிக் குத்தும் என்று அவர்களுக்குத் தெரியும். கோட்டின் இரண்டு பக்கமும் நின்று பார்த்தவர்கள் பெண்களே. மூன்று நாள் பட்டதை முந்நூற்றறுபத்தைந்து நாளும் படுகிறவருடைய மனசு அவர்களுக்குப் புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும்?

புதுச்சேரியில் ஆயி மண்டபம் இருக்கிறது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்ததன் ஞாபகமாக எழுப்பியது. ஆயி என்பவள் தாசி குலத்தவள் என்பது கர்ண பரம்பரை. அவளுடைய அழகிய மாளிகையைக் கோயில் என்று எண்ணி ராஜா ஒருவர் கும்பிட்டுவிட்டாராம். விஷயம் தெரிந்ததும் கோபங்கொண்டு அதை இடிக்கச் சொன்னார். அவள் தானே வீட்டை இடித்து, அந்த இடத்தில் ஊருக்காக ஒரு குளம் வெட்டினாளாம். குடியிருக்க யோக்கியதை இல்லை என்று ஒதுக்கப்பட்டவள் வெட்டிய நீரை வெள்ளைப் பட்டணம் குடித்தது. கறுப்புப் பட்டணமும் குடித்தது. தாகம் எடுத்தபோது யாரும் குலம் விசாரிக்கவில்லை. இன்று புதுச்சேரி அரசாங்கத்தின் முத்திரையிலேயே அந்த மண்டபம்தான் இருக்கிறது.

ஆகவே பெரிய பிரசங்கம் ஒன்றும் வேண்டாம். நாளைக் காலையில் காப்பி கலக்கும்போது, ஜன்னலில் கவிழ்ந்து கிடக்கும் அந்த ஒற்றைத் தம்ளரை எடுத்து நன்றாகத் துலக்கி மற்றவற்றோடு அடுக்கிவிடுங்கள். எது யாருடையது என்று வீட்டில் ஒருவருக்கும் அடையாளம் தெரியாமல் போகட்டும். எந்த நீதிமன்றமும் எந்த நகர சபையும் செய்யமுடியாத காரியம் அது. செய்து முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.